பெண்கள் எழுதி அனுப்புவதில்லை என்கிறீர்களே

கேள்வி | 1 ஜூன் 2025

பெங்களூரிலிருந்து ஒரு தமிழ்க் காலாண்டிதழ் நடத்துகிறோம். போன இதழில் பதினெட்டுப் பெயர்களில் பெண் பெயர் இரண்டுதான் என்று ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். நாங்கள் யாரையும் தடுக்கவில்லை. முகவரி, மின்னஞ்சல் எல்லாம் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. வந்தால் படிக்கிறோம், நன்றாக இருந்தால் போடுகிறோம். பெண்கள் அனுப்புவதில்லை. ஆசிரியர் குழு இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

1 ஜூன், இரவு

அனுப்புவதில்லை என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி உங்கள் மேசையில் நடக்கிறது.

அல்சூரில் ஒரு வீட்டு மாடியில் தயாரான சிற்றிதழுக்கு நான் பல வருஷம் மெய்ப்புப் பார்த்தேன். வரும் படைப்புகளை முதலில் படிப்பதும் என் வேலைதான். ஓர் ஆணின் கவிதையைத் திருப்பினால் அந்த வாரத்துக்குள் இன்னொரு கட்டு வந்து சேரும். ஏன் போடவில்லை என்று கேட்டு போனும் வரும். ஒரு பெண்ணுக்கு, "முடிவு மட்டும் அவசரமாக இருக்கிறது, திருத்தி அனுப்புங்கள், போட விரும்புகிறோம்" என்று எழுதினாலும் பல சமயம் பதிலே வராது. வேண்டாம் என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். கதை அலமாரிக்குள் போய்விடும்.

அதனால் இரண்டாவது கடிதம் எழுத ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் விட்டு, பெயர் சொல்லி: "அந்தக் கதை என்ன ஆயிற்று? அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறோம்." அவ்வளவுதான். வராது என்று விட்டுவிட்ட கதைகள் வந்தன. அவற்றில் சில அந்த இதழில் வந்தவற்றிலேயே சிறந்தவை.

உங்களைக் கேட்கிறேன். போன வருஷம் நீங்கள் திருப்பிய கதைகளில் எத்தனை பேருக்கு இரண்டாம் முறை எழுதினீர்கள்?

2 ஜூன்

இது உங்கள் ஊர் அனுபவம் மட்டும்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அமெரிக்காவில் விடா என்ற பெண் எழுத்தாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டு இதழ்களிலிருந்து பெயர்களை எண்ண ஆரம்பித்தது. பெரிய இலக்கிய இதழ்களில் எழுதியவர் எத்தனை பேர் ஆண், எத்தனை பேர் பெண் என்று வெறும் கணக்கு. முடிவு பலருக்கு அதிர்ச்சி. டின் ஹவுஸ் என்ற இதழ் கோபித்துக்கொள்ளாமல் தன் கோப்புகளைத் திறந்து பார்த்தது. "திரும்ப அனுப்புங்கள்" என்று ஊக்கம் கொடுத்துத் திருப்பியவர்களில், பெண்கள் மறுபடி அனுப்புவது ஆண்களைவிட ஐந்து மடங்கு குறைவு என்று அதன் ஆசிரியர் சொன்னார். அல்சூர் மாடியில் நான் பார்த்ததும் அதேதான்.

உங்கள் இதழுக்கும் ஒரு மாலை நேரம் போதும். பழைய பிரதிகளை எடுத்து உள்ளடக்கப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். கதை, கவிதை, கட்டுரை, மதிப்புரை, ஓவியம் என்று தனித்தனியாகக் குறியுங்கள். கவிதையில் கணக்கு ஓரளவு சரியாகத் தெரியும். கட்டுரையிலும் மதிப்புரையிலும்தான் ஆள் இருக்காது. பெண்ணிடம் கவிதை கேட்கத் தோன்றுகிற ஆசிரியருக்கு, ஒரு நாவலைப் பற்றி எட்டுப் பக்கம் விவாதிக்கச் சொல்லிக் கேட்கத் தோன்றுவதில்லை. யார் எழுத்து நல்ல எழுத்து என்று முடிவாவது அந்தப் பக்கங்களில்தான்.

2 ஜூன், மாலை

இன்னொன்று. படைப்பின் கீழே கைப்பேசி எண்ணை அச்சிடுவதை நிறுத்துங்கள்.

3 ஜூன்

எண்ணைப் பற்றி இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் இதழ்களில் கதை முடிந்ததும் பெயர், ஊர், எண் போடும் பழக்கம் உண்டு. வாசகர் நேரடியாகப் பாராட்டட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆண் எழுத்தாளருக்கு அது பாராட்டாக வருகிறது. பெண்ணுக்கு இரவு பத்தரை மணிக்கு வருகிறது. முதலில் கதையைப் பற்றி ஒரு வரி, அப்புறம் "உங்கள் சொந்த அனுபவமா மேடம்?" என்ற கேள்வி, அப்புறம் காலை வணக்கப் படங்கள். கணவனைப் பிரிந்த பெண்ணைப் பற்றி ஒரு கதை எழுதினேன். அது வந்த மாதம் முழுக்க அறிமுகமில்லாத எண்களை எடுக்கவே தயங்கினேன். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த கதையை அந்த இதழுக்கு நான் அனுப்பவில்லை. அந்த ஆசிரியரும் எங்காவது உட்கார்ந்து, பெண்கள் அனுப்புவதில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வாசகர் கடிதம் இதழ் முகவரிக்கு வரட்டும். நீங்கள் படித்துப் பார்த்து எழுதியவருக்கு அனுப்புங்கள். கூடுதல் வேலைதான், ஆனால் அது ஆசிரியர் வேலை.

4 ஜூன்

"பெண் என்பதற்காகத் தரம் குறைந்ததைப் போட முடியுமா?"

யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் தரம் என்பது வந்து சேர்ந்த பிரதியை வைத்து மட்டும் முடிவாவதில்லை. உங்களுக்குத் தெரிந்த கவிஞரின் அரைகுறைக் கவிதையை வாங்கி, டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசி, வரி வரியாகச் சரிசெய்து போடுகிறீர்களே, அந்த இரண்டு மணி நேரம் யாருக்கெல்லாம் கிடைக்கிறது? சர்ச் தெருப் புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தோடு வாசலில் நின்று ராத்திரி ஒன்பது வரை பேசும் கூட்டத்தில் எத்தனை பெண்கள் நிற்க முடியும்? இலக்கிய நட்பு என்று நாம் பெருமையாகச் சொல்வதில் முக்கால்வாசி அந்த நேரத்தில்தான் நடக்கிறது. அங்கே இல்லாதவருக்கு அதே கவனத்தைக் கடிதத்திலாவது கொடுங்கள் என்கிறேன்.

4 ஜூன், இரவு

கார்மெண்ட்ஸ் அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட அவருக்கு விருப்பம் இல்லை. மர்பி டவுனில் வளர்ந்தவர். பள்ளியில் கன்னடம் படித்தவர், தமிழ் பேசுவார், எழுத வராது. தையல் பிரிவில் ஒரு மணி நேர டார்கெட், சூப்பர்வைசர் நின்று எண்ணுவது, தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும் என்று குடிக்காமலே இருப்பது, இதையெல்லாம் வாட்ஸப்பில் குரல் செய்தியாகப் பேசி அனுப்பினார். ஒவ்வொன்றும் நாலைந்து நிமிஷம். பின்னணியில் குக்கர் விசில். நான் கேட்டு எழுதி, அவருக்கே படித்துக் காட்டி, "இப்படி நான் சொல்லலையே" என்ற இடங்களை மாற்றி, இதழுக்குக் கொடுத்தேன். ஆசிரியர் குழுவில் ஒருவர், இது படைப்பு ஆகுமா, எழுதியது வேறு ஆள் அல்லவா என்றார்.

அந்தக் கால நாவலாசிரியை வை.மு. கோதைநாயகி தன் முதல் படைப்பான இந்திரமோகனாவை வாயால் சொல்ல, தோழி ஒருவர்தான் எழுதினார். அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. 1925இல் அவர் ஜகன்மோகினி இதழைக் கையில் எடுத்து நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார். கண் மங்கிய காலத்தில் சிறுகதைக்காரர் கு.ப.ரா. சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள், அவரும் நல்ல சிறுகதைகள் எழுதியவர். கு.ப.ரா. கதையை யாரும் சேது அம்மாள் கதை என்று சொன்னதில்லை. சொல்கிறவர்தான் படைப்பாளி என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்காவுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்?

அந்தப் பகுதி அச்சில் வந்தது. அவர் இரண்டு பிரதி கேட்டார். ஒன்று அவர் அம்மாவுக்கு.

5 ஜூன்

நடைமுறைக் கேள்விக்குப் பதில்: "யூனிகோடில், வேர்ட் கோப்பாக மட்டும் அனுப்பவும்" என்ற அறிவிப்பை எடுத்துவிடுங்கள். நிறையப் பெண்கள் கைப்பேசியில்தான் எழுதுகிறார்கள். அவர்களிடம் கணினி இல்லை, இருந்தால் பிள்ளை படிக்க வேண்டும். வாட்ஸப் தட்டச்சு, கையெழுத்துப் பிரதியின் போட்டோ, குரல் எல்லாவற்றையும் வாங்குங்கள்.

7 ஜூன்

இரண்டு நாள் இழை வேறு பக்கம் போய்விட்டது. புனைபெயர் என்று சொல்லிச் சுஜாதா பெயரைக் கொண்டுவந்துவிட்டீர்கள். சரி, அதையும் பேசலாம். நம் ஊர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த ரங்கராஜன் மனைவி பெயரில் எழுதிப் புகழடைந்தார். பெண் பெயரில் ஆண் எழுதினால் வாசகருக்கு ஒரு சுவாரசியம். பெண் வேறு பெயரில் எழுதினால் அது பெரும்பாலும் பாதுகாப்புக்காக. கவிஞர் ரொக்கையா, சல்மா என்ற பெயரில் எழுதியதும், ராத்திரியில் கழிவறைக்குள் நின்று எழுதியதாக அவரே சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்களுக்கு யாராவது புனைபெயரில் அனுப்பினால் உண்மைப் பெயரைத் தோண்டாதீர்கள். ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கன்னடத்தில் எழுத்தாளர் வைதேகிக்கு நடந்தது இன்னும் சிக்கலானது. அவர் சுதா இதழுக்கு ஒரு கதை அனுப்பிவிட்டு, அது உண்மைச் சம்பவம் சார்ந்தது, போட வேண்டாம் என்று எழுதினார். இதழாசிரியரோ எழுதியவர் பெயரை வைதேகி என்று மாற்றி அச்சிட்டுவிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது, 2009இல் சாகித்ய அகாதமி விருதும் அந்தப் பெயருக்குத்தான். நல்ல முடிவாக அமைந்ததால் இதை ரசித்துச் சொல்கிறோம். எனக்கு அந்த ஆசிரியர் செய்ததில் உடன்பாடு இல்லை. வேண்டாம் என்றவரிடம் "பெயரை மாற்றிப் போடலாமா?" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

7 ஜூன், மாலை

கன்னடப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். பெங்களூரில் உட்கார்ந்து தமிழ் இதழ் நடத்துகிறவர்கள் சென்னையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், பக்கத்துத் தெருவைப் பார்ப்பதில்லை.

நஞ்சன்கூடு திருமலாம்பா 1887இல் பிறந்தவர், சிறுவயதிலேயே விதவை. தானே எழுதி, சதி ஹிதைஷிணி என்ற வரிசையில் தானே வெளியிட்டு, கர்நாடக நந்தினி என்ற இதழையும் நடத்தினார். பிறகு எழுத்தை விட்டுப் பல காலம் ஒதுங்கியே இருந்தார். சாமராஜப்பேட்டையில் மக்கள கூட்டா என்ற குழந்தைகள் அமைப்பு இருக்கிறதே, அதைத் தொடங்கிய ஆர். கல்யாணம்மா, சரஸ்வதி என்ற பெண்கள் மாத இதழைப் பல பத்தாண்டுகள் விடாமல் கொண்டுவந்தவர். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

போன மாதம் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்குக்கும் மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்கும் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தபோது நாமெல்லாம் வாழ்த்துப் போட்டோம். பானு முஷ்தாக் லங்கேஷ் பத்திரிகையில் செய்தியாளராக இருந்தவர். சாரா அபூபக்கரின் சந்திரகிரி நாவல் தொடராக வந்ததும் அதே இதழில்தான். 1980இல் தொடங்கி, விளம்பரமே வாங்காமல் நடந்த இதழ் அது. முஸ்லிம் பெண்கள் எழுதுவதில்லை என்று சொல்லி அதன் ஆசிரியர் லங்கேஷும் சும்மா இருந்திருக்கலாம். அவர் எழுத வைத்தார், எழுதியதைத் தொடர்ந்து போட்டார். ஒரு கதையைப் போட்டுவிட்டு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

9 ஜூன்

ஓவியர்கள். இந்த இழையில் இதுவரை யாருமே கேட்காத விஷயம்.

என் கதை ஒன்று ஓர் இதழில் வந்தது. நாயகிக்கு ஐம்பத்திரண்டு வயது, மூட்டு வலி, பி.எம்.டி.சி. பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவள். பக்கத்தைத் திறந்தால் இருபது வயதுப் பெண் ஜன்னலோரம் காற்றில் முடி பறக்க உட்கார்ந்திருக்கிறாள். வரைந்தவருக்குக் கதையே போகவில்லை, "பெண், பஸ், சோகம்" என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். கதையைப் படிக்கும் முன் வாசகர் அந்தப் படத்தைப் பார்க்கிறார். பிறகு நான் என்ன எழுதியிருந்தாலும் மனதில் அவள்தான் நிற்பாள். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

நம் இதழ்களில் பெண்ணை நூறு வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறோம், வரைந்த கை பெரும்பாலும் ஆணுடையது. அழகான கோடுகள் அவை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் முழங்காலைப் பிடித்தபடி படியேறும்போது உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தக் கோடுகளில் வருவதில்லை. நம் பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா இந்தப் பழக்கத்தையே எடுத்துத் தன் கலைப்பொருளாக ஆக்கியவர். தென்னிந்தியப் பெண்கள் பற்றி 2000 முதல் 2004 வரை புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து செய்த புகைப்பட வரிசையில், ஓவியங்களிலும் பழைய படங்களிலும் பெண்ணை எப்படி நிறுத்தி வைத்தார்களோ அதே மாதிரி தானே வேஷமிட்டு நின்றார். படத்துக்குள் இருப்பவரும் அவர், படத்தை உருவாக்கியவரும் அவர். அதைப் பார்த்த பிறகு வார இதழ்ப் படங்களை என்னால் பழையபடி புரட்ட முடியவில்லை.

ஆர். சூடாமணியை நாம் சிறுகதைக்காரர் என்று மட்டும் சொல்கிறோம். அவர் நன்றாக ஓவியமும் வரைந்தவர். எழுதவும் வரையவும் தெரிந்த ஒருவரிடம், "உங்கள் கதைக்கு நீங்களே வரைந்து கொடுங்கள்" என்று நம் இதழ்கள் கேட்டிருந்தால் என்னவெல்லாம் கிடைத்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

9 ஜூன், இரவு

"பெண் ஓவியர்களை எங்கே தேடுவது?" ஜனவரியில் குமாரகிருபா சாலையில் சித்திர சந்தை நடக்கிறது. ஒரு ஞாயிறு முழுக்க அந்தச் சாலையே ஓவியர்களால் நிறைந்திருக்கும். நான் அங்கே போய் விலை கேட்பது போல நின்று பேசுவேன். தமிழ் பேசுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் தோழி அங்கேதான் கிடைத்தார். பிள்ளைகளுக்கு ரெக்கார்ட் நோட்டில் படம் போட்டுக் கொடுத்தே கை தேய்ந்தவர், கறுப்பு மையில் கோட்டோவியம் போட்டால் கண்ணை எடுக்க முடியாது. கார்மெண்ட்ஸ் அக்காவின் பகுதிக்கு அவர்தான் வரைந்தார். முகமே போடவில்லை. ஊசிக்குக் கீழே இரண்டு கை மட்டும்.

அவருக்குக் கொடுத்தது இரண்டு பிரதிகள். சன்மானம் கேட்டபோது, அச்சகத்துக்கும் தபாலுக்கும் போக மிச்சமில்லை என்றார்கள். காகிதக்காரருக்குக் கடன் சொல்ல முடியாது, ஓவியருக்குச் சொல்லலாம் என்ற கணக்கு அது. ஐந்நூறு ரூபாயானாலும் கொடுங்கள், அவர் பெயரை உள்ளடக்கப் பக்கத்தில் எழுத்தாளர் பெயருக்குச் சமமாகப் போடுங்கள். பின்னட்டை மூலையில் எறும்பு மாதிரி வேண்டாம்.

11 ஜூன்

மகளிர் சிறப்பிதழைப் பற்றி ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் பேச வேண்டும். மார்ச் மாதம் மட்டும் பெண்களை வரிசையாகக் கூப்பிட்டு, ஏப்ரலில் கதவைச் சாத்தும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. மார்ச்சில் எழுதிய ஒருவரை ஜூலையில் யாரும் தேடுவதில்லை.

ஆனால் பெண்கள் தாங்களே கூடித் தொகுத்தவை வேறு வகை. யாழ்ப்பாணத்திலிருந்து 1986இல் வந்த சொல்லாத சேதிகள் தொகுப்பில் பத்துப் பெண்களின் கவிதைகள் ஒன்றாக வந்தன. தனித்தனியாக அங்கங்கே வந்திருந்தால் பத்துப் பேருக்குப் பத்துப் பாராட்டு கிடைத்திருக்கும். சேர்ந்து வந்ததால் இப்படியும் ஒரு கவிதை மரபு இருக்கிறது என்று தெரிந்தது. கவிஞர் குட்டி ரேவதி நடத்திய பனிக்குடம் இதழும் அந்த வகையில்தான் எனக்குப் பிடிக்கும். ஆகவே சிறப்பிதழ் போடுங்கள், ஆனால் ஆசிரியர் நாற்காலியையும் அந்த இதழுக்குப் பெண்களிடம் கொடுங்கள். அப்படிக் கொடுத்த இதழ்களில் எழுதியவர்கள் பிறகும் எழுதுகிறார்கள், ஏனென்றால் அழைத்தவர் தொடர்பில் இருப்பார்.

12 ஜூன்

எழுத்தாளர் அம்பையை ஏன் யாரும் குறிப்பிடவில்லை என்று கேட்டவருக்கு: எல்லா இழையிலும் அம்பை ஒருவரைச் சொல்லி முடித்துவிடுகிறோம், அதனால்தான் தள்ளிப்போட்டேன். அவர் பெங்களூரிலும் வளர்ந்தவர், எம்.ஏ. படித்தது இங்கேதான். சிறகுகள் முறியும் கதை வந்தது கணையாழியில். கணையாழி 1965இல் தில்லியிலிருந்து தொடங்கப்பட்ட இதழ். எண்பதுகளில் நம் ஊரிலிருந்து படிகள் என்ற சிற்றிதழ் வந்தது. வெளியூர்த் தமிழ் இதழ் என்றால் இரண்டாம்தரம் என்று யாராவது நினைத்தால் இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். உறவுக்காரர் கண்ணுக்குக் கொஞ்சம் தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு எழுதச் சில விஷயங்களில் துணிச்சல் கூடுதலாக வரும். பெங்களூர் இதழுக்கு அது ஒரு வசதி. அதை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

14 ஜூன்

கேள்வி கேட்டவர் இன்று காலை எழுதியிருக்கிறார். பழைய பிரதிகளை எண்ணிப் பார்த்தாராம், மதிப்புரைப் பகுதியில் மூன்று வருஷமாக ஒரு பெண் பெயர்கூட இல்லையாம். ஏழு பேருக்கு இரண்டாவது கடிதம் போடப்போவதாகச் சொல்கிறார். ரொம்ப சந்தோஷம்.

கடிதத்தில் "தங்கள் மேலான படைப்பை எதிர்நோக்குகிறோம்" என்று எழுதாதீர்கள், அது எல்லோருக்கும் போகிற வரி. அவர் எழுதியதில் எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி, என்ன திருத்தம் வேண்டும் என்று ஒரு வரி, எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி. அந்தத் தேதிக்கு முன்னால் பள்ளித் தேர்வோ தீபாவளியோ வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஏழு பேரில் இரண்டு பேருக்காவது கதை கேட்காமல் மதிப்புரை கேளுங்கள், புத்தகத்தையும் நீங்களே வாங்கி அனுப்புங்கள்.

ஓவிய ஆசிரியையிடம் பேசிவிட்டேன், வரைகிறேன் என்றார். கதையை முழுதாக அனுப்புங்கள், சுருக்கம் வேண்டாம். அச்சுக்குப் போக இரண்டு வாரம் முன்னால் அவர் கைக்கு வந்தாக வேண்டும். பள்ளி விட்டு வந்து, வீட்டு வேலை முடித்துத்தான் வரைவார்.